மோர்வெனுக்கு மாற்று ஆள்

காலை ஏழு மணி டியூட்டி என்றால் ஐந்தரைக்கு மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் வாயில் படக்கூடாது. இது எந்தச் சட்டப் புத்தகத்திலும் இல்லை. நானும் மோர்வெனும் போலீஸில் சேர்ந்த முதல் வருடமே எங்களுக்கு நாங்களே போட்டுக்கொண்ட சட்டம். பதினாறு வருடம் அதைக் கட்டிக் காத்தோம். வேறு எதையாவது இப்படிக் கட்டிக் காத்திருந்தால் உருப்பட்டிருப்போம்.

ஆண்களுக்கு இது புரியாது, சொன்னால் சிரிப்பார்கள். அவர்களுக்கென்ன, சுவரோரம் திரும்பி நின்றால் வேலை முடிந்தது. நாங்கள் ஒருமுறை கழிப்பறைக்குப் போவதென்றால் மேல்கோட்டு, அதற்கடியில் கத்திக்குத்துத் தாங்கும் கனத்த உடுப்பு, ரேடியோ, இடுப்பு வாரில் கைவிலங்கு, தடி, மிளகு ஸ்ப்ரே என்று ஒவ்வொன்றாகக் கழற்ற வேண்டும். எங்கே வைப்பது என்று தேட வேண்டும். மறுபடி எல்லாவற்றையும் மாட்டிக்கொண்டு வெளியே வரக் கால் மணி நேரமாகும். அதுவும் கழிப்பறை என்று ஒன்று இருந்தால். குற்றம் நடந்த வீட்டு வாசலில் காவலுக்கு நிறுத்திவிட்டாலோ, மாற்று ஆள் வராமல் ஓரடி நகரக்கூடாது. அந்த வீட்டுக்குள்ளும் போகக்கூடாது, தடயம் கெட்டுவிடும். ரேடியோவில் கேட்கலாம். கேட்டால் எங்கள் இன்வர்கேரோ ஊரில் டியூட்டியில் இருக்கிற முப்பது பேர் காதிலும் விழும். கிறிஸ்டீன் என்று ஒருத்தி ஒரே ஒரு தடவை அப்படிக் கேட்டாள். அவளுக்குக் 'குழாய்' என்று பேர் வந்தது. அவள் ஓய்வு பெற்ற அன்று வெட்டிய கேக்கில்கூடக் குழாய்ப் படம்தான் போட்டிருந்தார்கள், பாவிகள்.

எங்கள் இருவருக்கும் ஸ்டேஷனில் 'ஒட்டகங்கள்' என்று பேர். அதைப் பதக்கம் மாதிரி மாட்டிக்கொண்டு திரிந்தோம். வருடா வருடம் உடல்தகுதி பார்க்கிறோம் என்று பீப் சத்தத்துக்கு ஏற்ப இந்தக் கோட்டுக்கும் அந்தக் கோட்டுக்கும் ஓடவிடுவார்கள். பாதி ஆண்கள் நாக்குத் தள்ளி உட்காரும்போது நாங்கள் ஓடி முடித்துவிட்டு நிற்போம். ஓடுகிறவள் காலையிலிருந்து என்ன குடித்தாள் என்று யாரும் கேட்டதில்லை. நாங்களும் சொன்னதில்லை.

நான் சார்ஜென்ட் ஆனேன். மோர்வென் கான்ஸ்டபிளாகவே இருந்தாள். அவளுக்குப் பதவி ஆசை கிடையாது. நாய்ப் பிரிவுக்குப் போக வேண்டும், அவ்வளவுதான். பதினோரு வருடம் மனுப் போட்டு, போன ஜனவரியில்தான் தேர்வுக்கு அழைப்பு வந்தது. அந்தத் தேர்வுக்கு ஆறு நாள் இருக்கும்போது, ஒரு செவ்வாய்க்கிழமை காலை, என் அறைக்குள் வந்து கதவைச் சாத்தினாள்.

"ஷோனா, ஒண்ணு சொல்லுவேன். கத்தக் கூடாது."

"விஷயத்தைச் சொல்லு. கத்தறதா வேண்டாமான்னு அப்புறம் பாக்கலாம்."

"மறுபடியும் அந்த எரிச்சல். இந்த வருஷத்துல நாலாவது தடவை. நேத்து ரத்தமே வந்துருச்சு."

"டாக்டர்கிட்ட போனியா?"

"போனேன். முதுகுல இந்த இடத்துல ஒரு தட்டுத் தட்டினான், உயிர் போயிட்டு வந்துச்சு. கிட்னி வரைக்கும் ஏறிடுச்சாம். மாத்திரை குடுத்திருக்கான். மணிக்கொரு தடவை தண்ணி குடிக்கணும், அடக்கவே கூடாது, ரெண்டு வாரம் வீட்டுல இருன்னு சீட்டும் எழுதிட்டான்."

"அப்ப வீட்டுல கிடக்க வேண்டியதுதானே! இங்க வந்து என்ன கிழிக்கப் போற?"

"திங்கக்கிழமை தேர்வுடி. இந்தச் சீட்டைக் குடுத்தா மெடிக்கல் பிரிவுக்குப் போகும். அங்கேருந்து நாய்ப் பிரிவுக்குப் போகும். சீக்காளின்னு ஒரு கோடு போட்டுட்டு அடுத்தவன் பேரை எழுதிருவாங்க. இன்னொரு பதினோரு வருஷம் என்னால முடியாது." அவள் சீட்டை நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தாள். "திங்கக்கிழமை வரைக்கும் என்னை உள்ளேயே வச்சுக்கோ. கழிப்பறை பக்கத்துல ஒரு நாற்காலி போதும்."

முறைப்படி அதற்கு ஒரு படிவம் உண்டு, இலகு பணிப் படிவம். நிரப்பினால் அதுவும் நேரே மெடிக்கல் பிரிவுக்குத்தான் போகும். "படிவமும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம், நான் பாத்துக்கறேன்" என்றேன். இன்ஸ்பெக்டர் கால்டரிடம் போய், மோர்வெனின் கோர்ட் கோப்பு ஒன்று வெள்ளிக்கிழமைக்குள் முடிந்தாக வேண்டும், அவளை வெளியே அனுப்பாதீர்கள் என்று வாய்கூசாமல் ஒரு பொய்யைச் சொன்னேன். கம்ப்யூட்டரில் இருக்கும் டியூட்டி போர்டிலும், குடும்பப் பேர் முன்னால் வர, அதையே ஏற்றினேன்: லெய்ங், மோர்வென், ஸ்டேஷனுக்குள், கோப்பு வேலை. அந்த போர்டை இன்ஸ்பெக்டரும் பார்ப்பார், கண்ட்ரோல் ரூமும் பார்க்கும். சிநேகிதிக்கு ஒரு நல்லது செய்தோம் என்று எனக்குள் பெருமை வேறு.

செவ்வாயும் புதனும் நன்றாகத்தான் போயின. மேசையில் தண்ணீர் பாட்டிலை வைத்துக்கொண்டு, கோப்பைப் புரட்டிக்கொண்டு, மணிக்கொரு தடவை எழுந்து போய் வந்தாள். முகத்தில் கொஞ்சம் தெளிச்சி வந்தமாதிரி இருந்தது.

வியாழக்கிழமை விடிந்ததே சரியில்லை. இரண்டு பேர் கோர்ட்டுக்குப் போய்விட்டார்கள், இரண்டு பேர் காய்ச்சல் லீவு. எட்டரை மணிக்கு சர்ச் சந்தில் திருட்டு என்று தகவல் வந்தது. தனியாக இருந்த கிழவரை அடித்துப் போட்டுவிட்டு வீட்டைக் கிளறியிருக்கிறார்கள். அவரை ஆம்புலன்ஸில் ஏற்றி அனுப்பியாயிற்று. தடயம் எடுக்கிறவர்கள் நகரத்திலிருந்து வர வேண்டும். அதுவரை வாசலில் ஓர் ஆள் நிற்க வேண்டும். சுற்றிப் பார்த்தேன். மற்ற போலீஸ்காரர்கள் வெளியே வேலையில் இருந்தார்கள், மோர்வெனைத் தவிர ஆளில்லை.

"ரெண்டே மணி நேரம்" என்றேன். "கோர்ட்டுக்குப் போனதுல ஒருத்தன் பதினோரு மணிக்குத் திரும்பிடுவான். வந்ததும் மாத்திடறேன்."

அவள் பாட்டிலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "காலையிலேருந்து ரெண்டு பாட்டில் காலி பண்ணியிருக்கேன், ஷோனா."

"அப்ப இப்பவே ஒரு தடவை போயிட்டுக் கிளம்பு. என்னடி, ஒட்டகத்துக்கு வயசாயிடுச்சா?"

பக்கத்து மேசையில் இருந்த இரண்டு குமாஸ்தாப் பையன்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்துவிட்டுக் கோட்டை எடுத்தாள். என் வாய்க்கொழுப்பு. தனியாகக் கூப்பிட்டுக் கேட்டிருந்தால் முடியாது என்று சொல்லியிருப்பாள். நாலு பேர் முன்னால் அப்படிச் சொன்னால் எந்த ஒட்டகம்தான் பின்வாங்கும்?

"பதினொண்ணு. மறந்துடாதே."

"சத்தியமா."

போர்டை நான் மாற்றவில்லை. மாற்றினால் கால்டர் கேட்பார், கோப்பு வேலை என்றாயே, இப்போது எப்படி வாசலில் நிற்கிறாள் என்று. இரண்டு மணி நேரத்துக்கு எதற்கு வம்பு என்று விட்டுவிட்டேன். கண்ட்ரோல் ரூமுக்கு, "சர்ச் சந்துக்கு ஆள் போட்டாச்சு" என்று மட்டும் சொன்னேன். யார் என்று அவர்களும் கேட்கவில்லை.

பத்தே முக்காலுக்குப் பள்ளிக்கூடத்திலிருந்து போன் வந்தது. ரோரி என்று ஆறு வயதுப் பையன், இடைவேளையில் வெளியே போனவனைக் காணவில்லை. பள்ளிக்கூடத்துக்கும் துறைமுகத்துக்கும் நடுவே ஒரு தெருதான். ஜனவரி மாதத்துத் தண்ணீரில் விழுந்தால் ஒரு குழந்தை எத்தனை நிமிடம் தாங்கும் என்று எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். கோர்ட்டிலிருந்து வந்தவன், ரோந்து முடித்து வந்து சமையலறையில் ரொட்டி தின்றுகொண்டிருந்தவன், எல்லோரையும் வாரிக்கொண்டு ஓடினேன்.

பதினொன்று பத்துக்கு மோர்வெனிடமிருந்து செய்தி. 'வர்றியா?'

'பத்து நிமிஷம்' என்று அனுப்பினேன்.

பன்னிரண்டு மணிக்கு இன்னொன்று. அதற்கும் 'பத்து நிமிஷம்' என்றேன். பன்னிரண்டே முக்காலுக்குக் கூப்பிட்டாள். படகுக்காரன் ஒருவனிடம் பேசிக்கொண்டிருந்தேன், இணைப்பைத் துண்டித்துவிட்டு மறுபடியும் அதையே அனுப்பினேன். ஒன்று இருபதுக்குக் கடைசியாக ஒன்று வந்தது: 'ப்ளீஸ்டி.'

பார்த்தேன். பார்த்தேன் என்று சொல்ல நாக்கூசுகிறது, ஆனால் பார்த்தேன். ரோரியின் அம்மா அப்போது என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "அவனுக்கு நீச்சல் தெரியாதும்மா, நீச்சல் தெரியாதும்மா" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். போனைப் பைக்குள் போட்டேன். அதற்கப்புறம் மோர்வென் செய்தி அனுப்பவில்லை. அவள் அனுப்பவில்லை என்பதையும் நான் கவனிக்கவில்லை.

மூன்று மணிக்குப் பையன் கிடைத்தான். ஐஸ் ஆலைப் பக்கம் அவன் மாமா நிறுத்தியிருந்த வேனில், வலைகளுக்கு நடுவே பிஸ்கட்டைத் தின்றுவிட்டுத் தூங்கியிருக்கிறான், கடன்காரப் பயல். கரையில் நின்ற அத்தனை பேரும் கைதட்டினார்கள். அவன் அம்மா அவனை ஓர் அறை அறைந்துவிட்டுக் கட்டிக்கொண்டு அழுதாள். எனக்கும் கண் கலங்கியது.

ஸ்டேஷனுக்கு வந்து நான் முதலில் செய்தது என்ன தெரியுமா? கழிப்பறைக்கு ஓடியதுதான். அப்புறம் இரண்டு கோப்பை டீ. கால்டர் தோளில் தட்டிக் கொடுத்தார். நாலு மணிக்கு அடுத்த ஷிப்டு சார்ஜென்ட் ஃபெர்கஸ் வந்தான். போர்டைத் திறந்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு பேராக ஒப்படைத்தேன்.

"லெய்ங்?" என்றான்.

"உள்ள, கோப்பு வேலை. இந்நேரம் கிளம்பிப் போயிருப்பா."

நான் எழுதிய பொய்யை நானே படித்து நானே நம்பினேன். நாலு மணி நேரம் ஓடிய ஓட்டத்தில் மண்டைக்குள் ஒன்றும் மிச்சமில்லை. வண்டியில் ஏறும்போது எதையோ மறந்துவிட்ட மாதிரி உறுத்தியது. ரொட்டி வாங்க மறந்துவிட்டோம் போல என்று நினைத்துக் கடைக்கு விட்டேன்.

ஆறு பத்துக்கு ஃபெர்கஸ் கூப்பிட்டான். "ஷோனா, சர்ச் சந்துல யாரைக் காவலுக்கு விட்டீங்க?"

கையிலிருந்த ரொட்டி கீழே விழுந்தது.

எதிர்வீட்டு மிஸஸ் லம்ஸ்டென்தான் ஸ்டேஷனுக்குப் போன் செய்திருக்கிறாள். என்னிடம் கேட்டுவிட்டு ஃபெர்கஸ் போய்ப் பார்த்தபோது மோர்வென் வாசற்படியில் உட்கார்ந்து தூக்கித் தூக்கிப் போடும் நடுக்கத்தில் இருந்திருக்கிறாள். நினைவு இருக்கிறதா என்று பார்க்கப் பேர் கேட்டதற்கு, பதினொரு மணி ஆயிடுச்சா என்று கேட்டாளாம். ஆம்புலன்ஸில் வைத்துப் பார்த்தபோது காய்ச்சல் நூற்றுநான்குக்கு மேல். கால்சட்டை நனைந்து குளிரில் விறைத்துப் போயிருந்தது என்று அவன் தணிந்த குரலில் சொன்னான். அதை யாரிடமும் சொல்லாதே என்றும் அவனே சொன்னான்.

மறுநாள் திருட்டு வழக்குக்கு வாக்குமூலம் வாங்கப் போன இடத்தில் மிஸஸ் லம்ஸ்டென் என்னை வாசலில் நிறுத்தியே கிழித்துவிட்டாள்.

"நீங்கல்லாம் மனுஷங்கதானா? மூணு தடவை கூப்பிட்டேன். என் வீட்டுக் கழிப்பறை இதோ, பத்தடி. 'நகரக்கூடாதும்மா, இப்ப ஆள் வந்துரும்'ங்கறா. மூஞ்சி சுண்ணாம்பு மாதிரி வெளுத்துக் கிடக்கு. டீ குடுத்தா வேண்டாம்ங்கறா. ஒரு கழுதையைக் கட்டிப் போட்டாக்கூட ஒரு தடவை அவுத்து விடுவாங்களே!"

தலையைக் குனிந்துகொண்டு எழுதினேன்.

சிறுநீரகத்தில் ஒரு கல் முன்பே இருந்திருக்கிறது. அது அடைத்துக்கொண்டு, சீழ் கோத்து, விஷம் ரத்தத்தில் ஏறிவிட்டது. நாலு நாள் பிழைப்பாளா என்றே தெரியவில்லை. ஒன்பதாம் நாள் வலது சிறுநீரகத்தை எடுத்தார்கள். நாய்ப் பிரிவு இடம் பக்கத்து மாவட்டத்துக்காரன் ஒருவனுக்குப் போனது.

இன்னொன்றும் இருக்கிறது. வெள்ளிக்கிழமை காலையில்தான் என் மின்னஞ்சலைத் திறந்தேன். தடயக்காரர்கள் முதல்நாள் பன்னிரண்டு நாற்பதுக்கே எழுதியிருந்தார்கள், வேலை முடிந்தது, காவலை எடுத்துவிடலாம் என்று. காவலை எடுக்கும் உத்தரவு சார்ஜென்ட்தான் கொடுக்க வேண்டும். நான் படிக்கவே இல்லை. காக்க ஒன்றுமே இல்லாத வீட்டை அவள் இன்னும் ஐந்தரை மணி நேரம் காவல் காத்திருக்கிறாள்.

விசாரணை வந்தது. காணாமல் போன குழந்தை அவசரத்தில் போர்டை மாற்ற மறந்துவிட்டேன் என்று சொன்னேன். படிவத்தைப் பற்றியும் டாக்டர் சீட்டைப் பற்றியும் மூச்சு விடவில்லை. எல்லோரும் என்மேல் பரிதாபப்பட்டார்கள். ஏன் ரேடியோவில் உதவி கேட்கவில்லை என்று மோர்வெனைக் கேட்டதற்கு, பேட்டரி தீர்ந்துவிட்டது என்று எழுதிக் கொடுத்திருந்தாள். பழியெல்லாம் பேட்டரிமேல் போனது. எனக்கு வாய்மொழி எச்சரிக்கை, அவ்வளவுதான். ஸ்டேஷன் முழுக்கப் பேட்டரி மாற்றினார்கள்.

ஒருநாள் ஃபெர்கஸ் என்னை ஓரமாக இழுத்தான். "அவ ரேடியோவிலதான் நான் ஆம்புலன்ஸையே கூப்பிட்டேன். பேட்டரி பாதிக்கு மேல இருந்துச்சு. நான் எழுதல. நீங்க ரெண்டு பேரும் என்னவோ பேசித் தீர்த்துக்கோங்க."

நான் பேசவில்லை. ஆஸ்பத்திரிக்கு ஒரே தடவை போனேன். அவள் தூங்கிக்கொண்டிருந்தாள், பூவை வைத்துவிட்டு, எழுப்ப வேண்டாம் என்று நர்ஸிடம் சொல்லிவிட்டு, தப்பித்தோம் என்று வந்துவிட்டேன். அப்புறம் அட்டை அனுப்பினேன், பழக்கூடை அனுப்பினேன். ஆள் மட்டும் போகவில்லை. ஏப்ரல் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம்தான் அவள் வீட்டுக் கதவைத் தட்டினேன்.

பாதியாக இளைத்திருந்தாள். சமையலறையில் உட்கார வைத்தாள். வானிலையைப் பற்றிக் கொஞ்ச நேரம் உளறினேன். அவள் உம் கொட்டிக்கொண்டிருந்தாள். கடைசியில் ஒரேயடியாகக் கொட்டிவிட்டேன்.

"மோர்வென், அந்த வீட்டுல பன்னெண்டு நாப்பதுக்கே எல்லாம் முடிஞ்சிருச்சு. மெயில் வந்துச்சு. நான் படிக்கல."

"தெரியும். அவங்க என்கிட்ட சொல்லிட்டுத்தான் போனாங்க. உங்க சார்ஜென்ட்டுக்கு எழுதிட்டோம், இப்ப கூப்பிடுவாங்கன்னு."

"தெரிஞ்சும் ஏன்டி நின்ன?"

"சார்ஜென்ட் சொல்லாம எடத்தை விட முடியுமா? நீதான கூப்பிடணும்."

"ரேடியோவில கேட்டிருக்கலாமே! குழாய்னு பேர் வந்தா வந்துட்டுப் போகுது!"

"பேருக்கா பயந்தேன்னு நினைக்கற?" அவள் குரல் ஏறவில்லை. "ரேடியோவில கேட்டா கண்ட்ரோல் ரூம் போர்டைப் பாக்கும். போர்டுல நான் ஸ்டேஷனுக்குள்ள உக்காந்திருக்கேன். அப்புறம் கால்டர் கேப்பாரு, படிவம் எங்கேன்னு. எனக்காகச் சொன்ன பொய்க்கு நீ மாட்டுவ. உன் சார்ஜென்ட் பட்டையைக் கழட்டிருவாங்க. நீயோ பத்து நிமிஷம் பத்து நிமிஷம்னு அனுப்பிட்டே இருந்த. பத்து நிமிஷம் யாருக்குத்தான் முடியாது? அப்படியே ஒவ்வொரு பத்து நிமிஷமா நின்னேன். அப்புறம் தலை சுத்த ஆரம்பிச்சுது, எத்தனைன்னு தெரியல."

எனக்கு அழுகை வந்தது. அழக்கூட உரிமை இல்லை என்று அடக்கினேன். "நான் கால்டர்கிட்ட எல்லாத்தையும் சொல்லிடறேன். சீட்டு, படிவம், எல்லாம்."

"எப்ப?"

"நாளைக்குக் காலையில முதல் வேலையா."

அவள் முதல் தடவையாக என் முகத்தை நேரே பார்த்தாள்.

"அன்னிக்கு ஒம்பது மணி நேரம் நின்னது எனக்கு வலிக்கல, ஷோனா. புள்ளையைத் தேடின, சரி. மறந்துட்ட, அதுவும் சரி. ஆனா ஆஸ்பத்திரியில கண்ணு முழிச்ச நாள்லேருந்து பாத்துக்கிட்டே இருக்கேன். இன்னிக்கு வருவா, உண்மையைச் சொல்லிட்டேன்டின்னு வந்து சொல்லுவான்னு. பேட்டரின்னு நான் எழுதினது எதுக்கு? நீயா போய்ச் சொல்லணும்னுதான், உன்னைக் காட்டிக் குடுத்தவளா நான் இருக்கக் கூடாதுன்னுதான். மூணு மாசம். மறுபடியும் அதே வாசல்ல நிக்க வச்சுட்ட."

அங்கேயே போனை எடுத்தேன். கால்டர் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டில் இருந்தார். என்ன அவசரம் என்று எரிந்து விழுந்தார். அந்தச் செவ்வாய்க்கிழமை அவள் என் அறைக்கு வந்ததிலிருந்து தொடங்கினேன். டாக்டர் சீட்டு, படிவம், கோர்ட் கோப்பு என்று நான் விட்ட கதை, நாலு பேர் முன்னால் கேலி செய்தது, பார்த்துவிட்டுப் பைக்குள் போட்ட போன், எதையும் விடவில்லை. முடிவில், "நாளைக்கு யூனிஃபார்ம் போடாம வாங்க" என்று மட்டும் சொன்னார்.

நான் பேசத் தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே மோர்வென் எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டிருந்தாள். போனை வைத்துவிட்டு அந்தக் கதவருகே போய் நின்றேன்.

"சொல்லிட்டேன், மோர்வென்."

"கேட்டுச்சு" என்றாள் உள்ளேயிருந்து. "நீ போ, ஷோனா."

போயிட்டு வா என்று சொல்லவில்லை.